ரெண்டேகால் கை

ஒரு பொம்பளையின் கையைப் புருஷனுக்கு அடுத்தபடியாகப் பிடிக்கிற பாத்தியதை வளையல்காரனுக்கு மட்டும்தான் உண்டு. அடைக்கலம் நாற்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்னவாசலைச் சுற்றி எட்டு ஊர். தோளில் கயிற்றில் கோத்த வளையல் மலாரம், இடுப்பில் சுருக்குப்பை, வாயில் வெற்றிலை. பள்ளிக்கூடத்தில் அவர் படித்ததெல்லாம் மணலில் நாலு எழுத்து. ஆனால் கையைப் பிடித்தால் அந்த வீட்டுச் சங்கதியை முழுக்கப் படித்துவிடுவார். எது கஞ்சி காணாத கை, எது உலக்கை பிடித்துக் காய்த்த கை, எந்த மணிக்கட்டில் நாலு விரல் பதிந்து கன்றியிருக்கிறது, எல்லாம் தெரியும்.

தெரிந்ததைச் சொல்லக்கூடாது. தொழில் அப்படி. "கையில பாத்தது வாயில வரப்படாதுடா" என்று அவர் அப்பன் மலாரத்தைத் தோள் மாற்றிக் கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டான். ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் சொன்னவனுக்கு அப்புறம் எந்த வீட்டிலும் கை நீளாது. அடைக்கலம் வாயைத் திறந்ததில்லை. யாரையும் நம்பியதும் இல்லை. சிரிக்கிற முகத்துக்குக் கீழே எந்த மாதிரிக் கை இருக்கிறது என்று பார்த்தவனுக்கு முகத்தின் மேல் என்ன நம்பிக்கை வரும்?

அந்த வருஷம் மாசிக் கடைசியில் நெடுங்கண்பட்டி ராக்காயி சந்தையில் அவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு அங்கிட்டு வந்தா வீட்டுக்கு வாங்க வளவிக்காரரே. கொல்லப் பக்கமா வாங்க. தெருப் பக்கம் வேணாம்."

"மறுபடியுமா?"

"வாங்கன்னா வாங்களேன்."

இது மூணாவது தடவை. ராக்காயியின் மருமகள் பொன்னுத்தாய்க்குத் தை மாதம் ஏழாம் மாத வளைகாப்பு. அடைக்கலம்தான் போட்டுவிட்டார். வலக்கைக்குப் பதினொன்று, இடக்கைக்குப் பத்து, பச்சையும் சிவப்புமாக இருபத்தொரு வளையல். பிள்ளை பிறக்கிறவரை அதைக் கழற்றக்கூடாது, உடையவிடக்கூடாது. உடைந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பிறந்த பிறகு கழற்றிப் பிள்ளை எடுத்த மருத்துவச்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். பொன்னுத்தாய் கையிலோ நாற்பது நாளைக்குள் ரெண்டு தடவை உடைந்து, ரெண்டு தடவையும் அடைக்கலம் கொல்லை வழியாகப் போய் அதே நிறம் பார்த்து இட்டு நிரப்பிவிட்டு வந்திருந்தார். ஊருக்கு எப்பவும் இருபத்தொன்றுதான்.

உடைத்தது ராக்காயியின் மகன் நாகராசு. ஊரில் கேட்டால் தங்கமான பிள்ளை என்பார்கள். முந்திரிக்காடு வைத்திருக்கிறான், சொந்த வண்டி மாடு. சீட்டாட்டம் கிடையாது, குடி கிடையாது. கள்ளையும் சாராயத்தையும் சர்க்கார் மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சாராயம் ஒழிந்தால் பொம்பளைக்கு அடி ஒழியும் என்று அப்போது மேடை போட்டுச் சொன்னார்கள். அடைக்கலத்துக்குத் தெரிந்து வளையல் உடைவது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மறுநாள் காலையில் கொல்லை வேலியைத் திறந்துகொண்டு போனார். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாக்கை விரித்துப் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். தாய் தகப்பன் இல்லை. கூடப்பிறந்த ஒரே அண்ணன் இலங்கைத் தோட்டத்தில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம். வளைகாப்புக்கு வந்த அத்தைக்காரி நான் கூட்டிப்போறேன் என்றபோது நாகராசு கையைக் கூப்பி, "நாங்க பாத்துக்க மாட்டமா அத்தை?" என்றான். கூடியிருந்தவர்கள் எல்லாம் என்ன குணம், என்ன குணம் என்றார்கள். போன வருஷம் நாலு மாதத்தில் ஒரு பிள்ளை அவளுக்குக் கலைந்துபோனதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"எத்தன போச்சு?" என்றார் அடைக்கலம்.

"ஆறு."

"எப்புடி?"

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்."

"நாட்டுல இருக்க பாசியெல்லாம் ஒன் வீட்டுக் கெணத்தடியிலதான் மண்டிக் கெடக்கு போல."

அவள் சிரிக்கவில்லை. ராக்காயிதான், "வந்த சோலியப் பாருங்க" என்றாள்.

கையைப் பிடித்தார். முழங்கைக்குக் கீழே கண்ணாடி கிழித்த காயம் மூணு இடத்தில் சீழ் கோத்திருந்தது. அதைவிட வேறு ஒன்று அவருக்கு உறைத்தது. இந்தக் கை ரெண்டேகால் அளவுக் கை. தை மாதம் வழுக்கிக்கொண்டு ஏறியது. போன தடவை கொஞ்சம் பிசைந்துவிட வேண்டியிருந்தது. இன்றைக்கு எண்ணெய் போட்டும் ரெண்டேகால் வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. ரெண்டரையை எடுத்தார். அதுவும் இறுக்கித்தான் போனது. புறங்கையைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் பதிந்த மாதிரி.

"காலக் காட்டு தாயி."

காலும் அப்படித்தான். கணுக்கால் எங்கே என்று தெரியவில்லை.

"தல வலிக்குதா?"

"ராப்பகலா வலிக்குது. கண்ணுக்குள்ள மின்மினி பறக்குற மாதிரி இருக்கு."

"புள்ளத்தாச்சிக்கு நீர் எறங்குறது ஒலகத்துல இல்லாததா?" என்றாள் ராக்காயி.

"நர்சம்மா வரலையா இங்கிட்டு?"

பொன்னுத்தாய் மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு தரம் வந்தாக. அத்தை காப்பி போட்டுக் குடுத்தாக. கை நெறைய வளவியப் பாத்துட்டு, 'நல்லா வச்சிருக்காகளே'ன்னுட்டு, பிரசவ விடுதிக்கு வந்து காட்டச் சொன்னாக. எங்க வீட்டுக்காரக விடலை."

"ஏன்?"

"அங்க போனா சேலைய வெலக்கிப் பாப்பாகளாம். முதுகப் பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாகள்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தப்புப் பண்ணினவள் மாதிரி.

அடைக்கலம் ஆறு வளையலையும் போட்டு முடித்தார். சிவப்புக்கு அடுத்து பச்சை, பச்சைக்கு அடுத்து சிவப்பு. மணிக்கட்டில் இருந்த கன்றல், முழங்கைப் பக்கத்துக் காயம் எல்லாம் வளையலுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டன. பார்க்க லட்சணமாக இருந்தது. ராக்காயி மடியை அவிழ்க்கப் போனாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அவள் கையையும் அவருக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முந்தி, இதே கொட்டகை ஓரத்தில், அவளுக்கும் இப்படித்தான் ஒளித்துப் போட்டுவிட்டிருக்கிறார்.

ஊர் எல்லையில் நாகராசு வண்டியில் எதிரே வந்தான். மாட்டை நிறுத்தி இறங்கினான். மரியாதைக்காரன்.

"வாங்க வளவிக்காரரே. நம்ம வீட்டுப் பக்கம் அடிக்கடி தட்டுப்படுறீங்க?"

அடைக்கலம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். வாய் முந்திக்கொண்டது. "பொன்னுத்தாயிக்குக் கை காலு வீங்கிக் கெடக்கு. விடுதிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுப்பா. பாக்க நல்லால்ல."

நாகராசு சிரித்த முகம் மாறாமலே சொன்னான். "பொம்பளக் கையப் புடிச்சுப் பொழைக்கிற ஆளு, இப்ப வைத்தியமும் பாக்குறீகளோ? வளவி வித்தமா, காசு வாங்குனமா, போனமான்னு இருக்கணும். வயசுக்கு மரியாத குடுத்துச் சொல்றேன்."

அடைக்கலம் நடந்தார். வீட்டுக்கு வந்து மலாரத்தை ஆணியில் மாட்டாமல் தரையில் போட்டார். அவர் பெண்சாதி சொர்ணவல்லி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, கண்ணாடியின்னு நெனப்பு இல்லையா?"

அவர் சொன்னார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு வீட்டுச் சங்கதியை வாய்விட்டு. சொர்ணவல்லி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆக, அவன் ஒடைக்க ஒடைக்க நீ மாட்டிவிட்டுருக்க."

"நான் என்னத்தடி பண்ண? தொழிலு."

"அந்த நர்சு முண்டச்சிக்குக் கண்ணு இல்லையான்னு கேக்குற. கண்ணு மேல வளவிய அடுக்குனவன் யாரு?" அவள் முறத்தை மறுபடி எடுத்தாள். "எனக்கும் ஒரு காலத்துல நீ ஒடச்சவன்தான். மறந்துட்டியோ என்னமோ, நான் மறக்கல. அன்னைக்கு ஒடச்ச கையே மறுநா புதுசு போட்டுவிட்டுச்சு. ஊரு பாத்து, வளவிக்காரன் பொண்டாட்டின்னா இப்படியில்ல இருக்கணும்னுச்சு."

அடைக்கலத்துக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, மலாரத்திலிருந்து ரெண்டு வளையலை உருவி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பிரசவ விடுதி மூணு மைல். அந்தப் படியில் அவர் கால் வைத்ததில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு ஆகாது. நடந்து போனவர்களைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறார். அதிலும் இந்த நர்சம்மா பிள்ளைத்தாச்சியின் மூத்திரத்தைக் குழாயில் பிடித்துக் காய்ச்சுகிறாளாம். எட்டு ஊரிலும் அதைச் சொல்லித்தான் சிரிப்பு.

நர்சம்மா பேர் சந்தனமேரி, ஆவூர்க்காரி, மாதா கோயில் வேதக்காரி. முப்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாத்திரத்தை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியவரே, யாருக்கு?"

"நெடுங்கண்பட்டி நாகராசு பொண்டாட்டிக்கு."

"அந்தப் பொண்ணா? நல்லாத்தானே இருக்கு? ரெண்டு தடவை போனேன். வரச் சொல்லி ரெண்டு தடவை சொன்னேன். வரலைன்னா நான் என்ன, கையப் புடிச்சா இழுத்துட்டு வர முடியும்? இந்தச் சில்லாவுல நான் வான்னு சொல்லி எவ வந்துருக்கா? புருசன் விடலை, மாமியார் விடலை, சாமி உத்தரவு குடுக்கலை. கடைசியில உயிரு போற நேரத்துல கட்டில்ல தூக்கிட்டு வருவீங்க. செத்தா நான்தான் கொன்னேம்பீங்க."

அடைக்கலம் மடியிலிருந்து ரெண்டு வளையலையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இது ரெண்டேகாலு. தையில இது போச்சு. இது ரெண்டரை. இன்னைக்கு இதுவே இறுக்கித்தான் போச்சு. நாப்பது நாளு. நாப்பது வருசமாக் கையப் புடிக்கிறேன், எந்தக் கையும் இப்படி ஏறிப் பாத்ததில்ல. அமுக்குன குழி எந்திரிக்கலை. மண்டையிடியாம். கண்ணுல மின்மினி பறக்குதாம்."

சந்தனமேரி சின்ன வளையலைப் பெரிய வளையலுக்குள் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"எத்தனை மாசம்?"

"எட்டு முடியப் போகுது."

"இத யாரு சொல்றா எனக்கு?" அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினாள். "அம்புட்டு வளவியும் முழுசாக் கெடந்துச்சே பெரியவரே. அடிவாங்குற கையின்னா வளவி தங்காதுன்னுதான் நாங்க மொதல்ல கையப் பாப்போம். அதனாலதான் நானும் காப்பியக் குடிச்சிட்டு வந்தேன்."

"அது நான் மாட்டிவிட்டது" என்றார் அடைக்கலம். "மூணு தடவ."

அவள் ஏதாவது ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். "வாங்க" என்றாள். ஆம்பளை நடை நடந்தாள்.

நாகராசு வாசலில் நுகத்தடியைச் சீவிக்கொண்டிருந்தான். எழுந்து கும்பிட்டான். கூட வந்த வளையல்காரரைப் பார்த்ததும் கும்பிட்ட கை பாதியில் நின்றது.

"வாங்கம்மா. இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே."

"பாத்துட்டுப் போறேன். கூப்பிடுங்க."

"தூங்குறா."

"எழுப்புங்க."

சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் ரெண்டு பேர், நாலு பேர் என்று கூடிவிட்டார்கள். எதிர்வீட்டுக் காத்தாயி இடுப்பில் குடத்தோடு நின்றாள். ராக்காயி மருமகளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், சாமி ஊர்வலத்தில் காட்டுகிற மாதிரி.

"பாத்துக்கங்க தாயி! இருவத்தொண்ணும் கொறையாம இருக்கு. நாங்க கொடுமைக்காரங்கன்னா ஒரு வளவி மிஞ்சியிருக்குமா?"

பொன்னுத்தாயின் கண் சுருங்கிப் போயிருந்தது. வெயில் குத்துகிறது போல. சந்தனமேரி அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதக் கழட்டணும். ரத்தம் ஓடாம இறுகிக் கெடக்கு. உள்ள புண்ணும் இருக்கு" என்றாள்.

தெருவே கசமுசவென்றது. பிள்ளை பிறக்குமுன்னே வளையலைக் கழற்றுவதா? நாகராசு குரலை உயர்த்தாமல், "கேட்டீகளா? வேதக்காரம்மாவுக்கு நம்ம சாத்திரம் என்ன தெரியும்" என்றான். நாலு தலை ஆமாம் என்று ஆடியது. இந்தத் தலைகளில் முக்கால்வாசிக்காரிகளின் மணிக்கட்டு அடைக்கலத்துக்குத் தெரியும்.

அப்போது பொன்னுத்தாய் மாமியார் பிடியிலிருந்து கையை உருவி அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்கதான போட்டீக. நீங்களே கழட்டுங்க."

"தாயி, இது கழலாது. ஒடைக்கத்தான் வேணும்."

"ஒடைங்க. இதுவரைக்கும் ஒடையாததா?"

கடைசிப் பேச்சு தெருவுக்கே கேட்டது. அடைக்கலம் நாற்பது வருஷத்தில் வியாபாரத்துக்குப் போன இடத்தில் தன் கையால் ஒரு வளையலை உடைத்ததில்லை. துண்டை அடியில் கொடுத்து, கண்ணாடி குத்தாமல், ஒவ்வொன்றாக நெரித்தார். டப் டப்பென்று விட்டது. இடக்கை முடிந்து வலக்கைக்கு வந்தபோது தெருவில் சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. நாலு விரல் தடம், அதற்கு மேல் பழைய தடம், சீழ் வைத்த கீறல்.

"அடிப் பாவி மக்கா" என்றாள் காத்தாயி. யாரைச் சொன்னாள் என்று தெரியாது.

சந்தனமேரி அதோடு விடவில்லை. பொன்னுத்தாயைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்ச் சிறுநீர் எடுத்து வந்து, வாசலிலேயே விளக்கைக் கொளுத்திக் குழாயில் காய்ச்சினாள். யாரும் சிரிக்கவில்லை. தண்ணி மாதிரி இருந்தது மேலே வெள்ளை வெள்ளையாக, கெட்ட பால் திரிகிற மாதிரி திரிந்தது.

"பாத்துக்கங்க. இன்னைக்கோ நாளைக்கோ ஜன்னி வந்து விழும். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். வண்டியக் கட்டுங்க."

நாகராசு நகரவில்லை. காத்தாயி குடத்தைக் கீழே வைத்தாள்.

"கட்டுடா வண்டிய! தங்கமான புள்ளயாம்ல? தங்கம் வெளுத்துப்போச்சு, மாட்டையாச்சும் பூட்டு!"

அவன் பூட்டினான். இரக்கப்பட்டு அல்ல. பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று பூட்டினான். அடைக்கலம் அதைக் கண்ணால் பார்த்தார். இருந்தாலும் சரி, வண்டி நகர்ந்தால் போதும் என்று இருந்தது.

பஸ் ரோட்டுக்குப் போகுமுன்னே வண்டியில் ஒரு தடவை ஜன்னி கண்டதாம். நர்சம்மா அவள் வாயில் துணியைக் கொடுத்து நாக்கைக் காத்தாளாம். ஆஸ்பத்திரியில் மூணாம் நாள் பெண் பிள்ளை பிறந்தது, ஒரு கை நீளம். ரெண்டு உயிரும் தங்கியது. முதுகைப் பார்த்த டாக்டரம்மா கேட்டதற்கு ராக்காயி, "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா" என்றாளாம். கூட நாகராசு நின்றானாம். பொன்னுத்தாய் ஆமாம் என்றாளாம். கேஸ் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று சந்தனமேரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். முப்பது நாள் கழித்து அவளை அதே வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். வேறு எங்கே அனுப்புவது? அண்ணனுக்குக் காகிதம் போட்டதற்குப் பதில் வரவில்லை.

நெடுங்கண்பட்டியில் அடைக்கலத்துக்குக் கை நீளவில்லை. "வயித்துப்புள்ளக்காரி வளவிய ஒடச்ச கை" என்று பேராகிவிட்டது. அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தவர்களே சொன்னார்கள். மற்ற ஊர்களிலும் பாதி வீடு கதவைச் சாத்தியது. வளையல்காரன் பார்த்ததைச் சொல்லிவிடுவான் என்ற பயம்.

சித்திரையில் ராக்காயி மறுபடி சந்தைக்கு வந்தாள். மூஞ்சியை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "புள்ளைக்குக் கருவளவி போடணும். நீங்க வந்தாத்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா" என்றாள்.

அடைக்கலம் தெரு வழியாகவே போனார். பொன்னுத்தாய் வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வீக்கம் வடிந்து பழையபடி ரெண்டேகால் ஆகிவிட்டிருந்தது. அதைப் பிடித்துப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. ஆனால் வளையல் ஒன்றுகூட இல்லை. மொட்டைக் கை.

"ஏந்தாயி, கையி இப்புடிக் கெடக்கு? புருசன் இருக்கவ இப்படி இருப்பாளா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றாள் ராக்காயி உள்ளேயிருந்து. "ஊரு என்ன பேசுது! அவன் வாங்கியாந்த வளவியக் குப்பையில போட்டுட்டா."

"வேணாம்" என்றாள் பொன்னுத்தாய். "கையி தெரியட்டும். கை தெரிஞ்சா அடிக்க யோசிப்பாகள்ல."

அடைக்கலம் பிள்ளையின் மொச்சைக்கொட்டை விரல்களைக் குவித்துக் கருவளையலை ஏற்றினார். அது கொட்டாவி விட்டது. குனிந்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"யோசிக்கிறானா?"

"கையில அடிக்கிறதில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நேரமும் அவள் சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கெழமை விடுதிக்குப் போறேன். புள்ளைய நிறுத்துப் பாக்குறாக. புள்ளைக்குன்னா விடுறாக."

"அந்தம்மாகிட்ட முதுகக் காட்டு."

"காட்டி?"

காட்டி என்ன ஆகும்? இன்னொரு சீட்டில் இன்னொரு தடவை கிணற்றடி என்று எழுதுவார்கள். இருந்தாலும், "காட்டு" என்றார், அதட்டுகிற மாதிரி. பிள்ளையின் இன்னொரு கைக்கும் போட்டார். ராக்காயி நீட்டிய காசை வாங்காமல் மலாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் போக வேண்டிய ஊர் வடக்கே இருந்தது. தெரு முனையில் கொஞ்ச நேரம் நின்றார். காத்தாயி வீட்டுக் கதவு அவரைப் பார்த்துச் சாத்திக்கொண்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு, விடுதி இருக்கிற தெற்குப் பக்கம் நடந்தார். வெள்ளிக்கிழமை அவள் வாய் திறக்கமாட்டாள். மூணு தடவை மறைத்துவிட்டவன், ஒரு தடவையாவது முன்கூட்டிப் போய்ச் சொல்லி வைக்க வேண்டும்.